கூடத்துக்கு ஏற்ற மண் நிறம்



வீட்டு அலங்காரம் பற்றிப் பொதுவாகப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் கேட்கிறவர் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். கூடத்தில், இன்றைய பேச்சில் சொன்னால் ஹாலில், போடும் விரிப்பு; அதிலும் மண் நிற விரிப்பு. செங்கல், மணல், களிமண், காய்ந்த இலை, காப்பிக்கொட்டை என்று இந்த நிறங்கள்தான் இப்போது எல்லாக் கடைகளிலும் முன்வரிசையில் தொங்குகின்றன. வாங்கிக்கொண்டு போய் விரித்த பிறகு பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு: “கடையில் எடுப்பாக இருந்தது. வீட்டில் போட்டால் ஏனோ அழுக்காகத் தெரிகிறது.”

விரிப்பு மாறவில்லை, அதற்குக் கீழே இருக்கும் தரையும் மேலே எரியும் விளக்கும் மாறிவிட்டன. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: உங்கள் வீட்டுத் தரை, வெளிச்சம், வீட்டைப் பெருக்கித் துடைக்கும் வழக்கம், இந்த மூன்றையும் பார்த்து முடிவுசெய்த பிறகே கடைப்படி ஏற வேண்டும். 

மண் நிறம் என்றதும் நமக்குப் பழுப்பு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்களையே ஒரு சுற்று நினைத்துப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் செம்மண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல். திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காட்டில் செக்கச்சிவந்த மணல். காவிரிப் படுகையில் வண்டல். காய்ந்தால் அதில் சாம்பல் பூக்கும். கடற்கரைக்குப் போனால் வெளிர் மஞ்சள் மணல். மண்ணில் இருக்கும் இரும்புதான் இந்தச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பெரும்பாலும் காரணம். இரும்பு ஆக்சைடு ஹெமடைட்டாக இருந்தால் சிவப்பு. நீர் சேர்ந்த கோத்தைட்டாக இருந்தால் மஞ்சள். மஞ்சள் காவியைச் சுட்டால் நீர் வெளியேறிச் செங்காவி ஆகிவிடுவதும் இதனால்தான். 

கடையில் இருக்கும் மண் நிறங்களையும் இப்படியே பிரித்துக்கொள்ளலாம். சிவப்பை உள்ளே வைத்திருப்பவை ஒரு குடும்பம்: செங்கல், துரு, மாதுளை ஓடு. மஞ்சளை உள்ளே வைத்திருப்பவை இன்னொன்று: மணல், வைக்கோல், கடுகு, தேன். சாம்பலை உள்ளே வைத்திருப்பவை மூன்றாவது: வண்டல், யானைத்தோல், கருங்காப்பி. ஒரு விரிப்பைக் கையில் எடுத்தால் அது வெளிரா அழுத்தமா என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தக் குடும்பம் என்று பாருங்கள். பொருந்துவதும் பொருந்தாததும் அங்கேதான் தீர்மானமாகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூலுக்கு மண் நிறம் தருவது மண் அல்ல. இரும்பு ஆக்சைடு சுவரில் பூச ஆகும். நூலில் சாயமாக ஊறி நிற்காது. பழைய சாயக்காரர்கள் செடிகளிடம்தான் போனார்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி பழுப்பைத் தந்தது. கடுக்காயும் மாதுளந்தோலும் மஞ்சள் கலந்த காக்கியைத் தந்தன. மஞ்சிட்டியும், சோழமண்டலக் கரையில் தோண்டி எடுத்த சாயவேரும் சிவப்பைத் தந்தன. கடுக்காய்த் துவர்ப்போடு இரும்பைச் சேர்த்தால் கறுப்பு. அந்த இரும்புக் கறுப்பு கம்பளியை மெல்ல அரித்துவிடும். பழைய பாரசீகக் கம்பளங்களில் சிவப்பும் நீலமும் நிமிர்ந்து நிற்க, கறுப்பு இழைகள் மட்டும் தேய்ந்து பள்ளமாகக் கிடப்பதைக் காணலாம். 1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் மஞ்சிட்டி இனத்து வேர்ச் சிவப்பின் மூலப்பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். அதற்குப் பிறகு வேர்ச்சாயத்தின் வியாபாரம் சரிந்தது. இன்று கடையில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை செயற்கைச் சாயம்தான். அதில் குற்றமில்லை. நல்ல செயற்கைச் சாயம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்கும். 

இனித் தரைக்கு வருவோம். 

அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் தந்த நிற விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டிருப்பார்கள். வெள்ளைத் தாள் ஒன்றை அதன்மேல் வைத்துப் பாருங்கள்; அந்தத் தரைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் வெளியே வந்துவிடும். மஞ்சள் உள்ள தரைமேல் சாம்பல் குடும்பத்து விரிப்பைப் போட்டால் துவைக்காத போர்வை மாதிரி கிடக்கும். நான் முதலில் சொன்ன குறை பெரும்பாலும் இங்கிருந்து வருவதுதான். இந்தத் தரைக்குச் செங்கல், துரு, தேன் நிறங்கள் நன்றாக நிற்கும். இன்னொரு நன்மையும் உண்டு: பளபளக்கும் டைல்ஸ் விளக்கைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும், மங்கிய பருத்தியோ கம்பளியோ அந்தக் கூச்சத்தை வாங்கிக்கொள்ளும்.

பழைய வீடுகளில் காவித் தரை இருக்கும். ரெட் ஆக்சைடு தரை என்றும் சொல்வோம். அந்த வீட்டுக்காரர்கள் செங்கல் நிறத்தைத் தொடவே வேண்டாம். ஐம்பது அறுபது வருஷம் கால்பட்டு மெருகேறிய தரைக்கு முன்னால் புது விரிப்பின் சிவப்பு தோற்றுப்போகும். சாயமேற்றாத பருத்தியின் வெண்மை, கோரையின் வைக்கோல் நிறம், பச்சை ஓடிய பழுப்பு, இவற்றில் ஒன்றைப் போடுங்கள்.

மொசைக் தரையில் ஏற்கெனவே ஆயிரம் புள்ளிகள். அதன்மேல் பொடிப்பொடியான பூ வேலை வேண்டாம். ஒரே நிறமோ அகலமான பட்டைகளோ போதும். கடப்பைக்கல் தரைக்கு மணலும் கடுகும் உயிர் கொடுக்கும். செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரை உள்ளவர்கள் விரிப்பே வாங்க வேண்டாம். கையால் வார்த்த அந்தப் பூத்தரையை மூடுவதற்குக் காசு செலவழிப்பானேன்? விசேஷ நாளில் உட்கார ஒரு பாய் இருந்தால் போதும்.

தரைக்கு அடுத்தது மரச்சாமான். நம் வீடுகளில் சோபா பழுப்பு, டிவி வைக்கும் அலமாரி பழுப்பு, கதவு தேக்கு. இந்தக் கூட்டத்தில் இன்னொரு பழுப்பு விரிப்பும் வந்து சேர்ந்தால் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மண் நிறமே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆழத்தை மாற்றுங்கள். தரை வெளிர், மரம் அழுத்தம் என்றால் விரிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும். சோபாவும் அழுத்தம், தரையும் அழுத்தம் என்றால் விரிப்பு வெளிரட்டும். இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். மாதிரித் துண்டையோ, அதே நிறத்துத் துணியையோ தரையில் சோபா ஓரமாகப் போட்டு, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த நிறம் ஆகாது.

அடுத்து வெளிச்சம். கடைகளில் மஞ்சள் விளக்கைக் குறிபார்த்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த 2700, 3000 கெல்வின் ஒளியில் எந்தச் செம்பழுப்பும் தீபம் மாதிரி ஒளிரும். நம் வீட்டுக் கூடத்தில் எரிவதோ பெரும்பாலும் 6500 கெல்வின் ‘கூல் டே லைட்’. அந்த நீலம் ஓடிய வெள்ளையில் சிவப்பும் மஞ்சளும் சோர்ந்துவிடும். பெட்டியின் மேலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும், பாருங்கள். விரிப்பை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மலிவு. படிக்கும் இடத்தில் வெள்ளை இருக்கட்டும். சோபா ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு வையுங்கள். விலை கூடிய விரிப்பாக இருந்தால், வீட்டில் போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாமா என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். காலை பத்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பார்த்து இரண்டிலும் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழும் கூடமாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைத் தலைமாற்றிப் போடுங்கள். எந்தச் சாயமும் கொஞ்சம் வெளுக்கும். சமமாக வெளுத்தால் தெரியாது.

இப்போது பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த இழை?

மண் நிற விரிப்பு மோகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு இடங்கள் முன்னால் நிற்கும். ஒன்று மொராக்கோவின் அட்லஸ் மலை. அங்கே பெனி ஊரைன் குடிகளின் பெண்கள் சாயமேற்றாத வெள்ளைக் கம்பளியில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடவிட்டு நெய்தார்கள். இன்னொன்று ஈரானின் ஃபார்ஸ் பகுதி. காஷ்காய் மேய்ப்பர்களின் ‘கப்பே’ விரிப்புகள் அங்கிருந்து வந்தவை. மோசன் மக்மல்பஃப் 1996இல் எடுத்த திரைப்படத்தின் பெயரே ‘கப்பே’தான். இரண்டும் அழகு. இரண்டும் விரல் புதையும் தடிமன். மலைக்குளிரில் படுத்துறங்க நெய்தவை வேறு எப்படி இருக்கும்? அவற்றைப் பார்த்துச் செய்த தடித்த மயிர் விரிப்பைச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ மே மாதம் விரித்து உட்கார்ந்து பாருங்கள், புரியும். 

நம் வீட்டுப் பழக்கமே வேறு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிறோம். தினமும் தண்ணீர் தொட்டுத் தரை துடைக்கிறோம். வருகிறவர்கள் அதிகமானால் தரையில் உட்காருகிறோம். வெள்ளி, செவ்வாய் விளக்கேற்றும் எண்ணெய் ஒரு சொட்டாவது சிந்தும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற இழைதான் நமக்கு ஆகும். 

சணல் விரிப்பின் நிறம் அருமையானது. சாயமே தேவையில்லாத தங்கப்பழுப்பு. ஆனால் ஈரம் அதற்கு எதிரி. நனைந்தால் இழை வலுவிழக்கும், கறை படியும், பூஞ்சை வாடை அடிக்கும். ஈரோடு, மதுரை போன்ற காய்ந்த ஊர்களில் வைத்துக்கொள்ளலாம். கடலோரத்தில் நான் சொல்ல மாட்டேன். தென்னை நார் நீரைத் தாங்கும், காலைக் குத்தும். ஆலப்புழையிலும் பொள்ளாச்சியிலும் இருந்து வரும் அந்த மிதியடி வாசற்படியோடு நிற்கட்டும். கம்பளி அழுக்கை எளிதில் உள்ளே விடாது, பல தலைமுறை உழைக்கும். ஆனால் பூச்சி அதைத் தின்னும். சோபா அடியில், வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத இடத்தில்தான் அரிக்கத் தொடங்கும். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்திச் சுத்தம் செய்ய முடிந்தவர்கள் கம்பளி வாங்கலாம். பாலியஸ்டர் மலிவு, கழுவலாம். கோடையில் வெறுங்காலுக்குக் கசகசக்கும். 

மிஞ்சுவது பருத்தியும் கோரையும். இரண்டும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. 

காவிரியும் பவானியும் கூடும் பவானி ஊரின் ஜமக்காளத்தைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத்துணி வந்து குவிந்தபோது, பிழைப்புக்கு மாற்று வழி தேடிய ஜங்கமர் நெசவாளர்கள் தடித்த பருத்தி நூலில் இதை நெய்யத் தொடங்கினார்கள். நூல் தடிமன் என்பதால் நுணுக்கமான பூ வேலை வராது. ஆகவே பட்டை பட்டையாக நிறங்களை ஓடவிட்டார்கள். இன்றைய வீட்டுக்கு அதுவே வசதி. மயிர் இல்லாத தட்டை நெசவு. தூசி உள்ளே ஒளிய இடமில்லை. இரண்டு பக்கமும் புழங்கலாம். ஒற்றை ஆளே சுருட்டி மாடிக்கு எடுத்துப்போய் உதறலாம். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல விரிப்பு எனக்குத் தெரியாது. 2005-06இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கு மட்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. 

கோரைக்குப் பத்தமடை. தாமிரபரணிக் கரையில், கோரையை ஊறவைத்து, கீறி, சன்னமாக்கி நெய்யும் பாய் அது. கோரையின் இயல்பான நிறமே மண் நிறக் குடும்பத்தில் மஞ்சள் பக்கம். கோடையில் அதன் குளிர்ச்சிக்கு ஈடில்லை. சோபாவையோ மேசையையோ மட்டும் அதன்மேல் நிறுத்த வேண்டாம். கால் அழுத்தி இழை முறியும். சாமான் இல்லாத மூலையில், ஜன்னலோரம், திண்டு போட்டு உட்காரும் இடத்தில் விரியுங்கள். 

அளவைப் பற்றிக் கொஞ்சம். நிறத்தைச் சரியாக எடுத்துவிட்டு அளவில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். சிக்கனம் பார்த்து நாலுக்கு ஆறடி வாங்கி டீபாய்க்கு அடியில் மட்டும் போடுவார்கள். கூடம் இன்னும் சின்னதாகத் தெரியும். மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய ஏழடி. விரிப்பு அதைவிட இரு பக்கமும் அரையடியாவது நீண்டிருக்க வேண்டும். சோபாவின் முன்னங்கால்கள் விரிப்பின் மேல் நிற்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு ஐந்துக்கு எட்டு அல்லது ஆறுக்கு ஒன்பது அடி சரியாக வரும். சுவரிலிருந்து ஓரடியாவது தரை தெரியட்டும். அளந்து பார்க்க வீட்டிலேயே சாதனம் இருக்கிறது. நாலு முழ வேட்டியை விரித்தால் ஏறக்குறைய நாலுக்கு ஆறரை அடி. இரண்டு வேட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு தடையில்லாமல் திறக்கிறதா, நடக்கிற பாதையில் ஓரம் தட்டுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். 

ஊஞ்சல் உள்ள வீட்டில் ஊஞ்சல் போய்வரும் தூரம் முழுவதும் விரிப்புக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் விரிப்பே வேண்டாம். பாதியில் முடிந்தால் காலால் உந்தும்போதெல்லாம் ஓரம் சுருளும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வழுக்காத ரப்பர் வலையை அடியில் போடாமல் எந்த விரிப்பையும் விரிக்காதீர்கள். பளபளப்பான டைல்ஸில் பருத்தி வழுக்கும். அழகுக்காக ஒரு இடுப்பெலும்பு முறிய வேண்டியதில்லை.

போட்ட பிறகு கூடத்தை எப்படி இணைப்பது? விரிப்பில் இருக்கும் நிறங்களில் மிகக் குறைவாக இருப்பதை எடுங்கள். செங்கல் விரிப்பில் ஒரு நூல் கடுகு ஓடுகிறது என்றால் திண்டு உறை இரண்டு கடுகு நிறத்தில் போதும். மண் நிறங்களுக்கு நடுவே ஒரு குளிர்ந்த நிறம் வேண்டும். அவுரி நீலமோ, தொட்டிச் செடியின் பச்சையோ அந்த வேலையைச் செய்யும். சுடுமண் குதிரை, சுடுமண் தொட்டி, செங்கல் நிறச் சுவர், செங்கல் நிற விரிப்பு என்று ஒரே அறையில் அடுக்காதீர்கள். பித்தளை விளக்கு ஒன்று இருந்தால் இந்த நிறங்களோடு அது தானாகவே சேர்ந்துகொள்ளும். 

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தமான நிறம் அழுக்கைக் காட்டாது என்று நம்புகிறோம். ஆனால் கருங்காப்பி நிறத்தில் தூசியும் பஞ்சும் வெள்ளையாகத் தெரியும். வெளிர் மணலில் கால் தடம் தெரியும். இரண்டு மூன்று நூல்கள் கலந்து முறுக்கிய நடுத்தர நிறம்தான் உண்மையில் தூசியை மறைக்கும். மறைக்கிறது என்பதற்காகச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை உதறல், வெயில் நாளில் இரண்டு மணி நேரம் கொடியில், இவ்வளவு போதும். எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் சோளமாவைத் தூவி ஊறவிட்டுத் தட்டிவிடுங்கள்.

கடைசியாக, கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை: விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து வேலை பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கையால் முடிச்சிட்டது. பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டிங் வகை. ரப்பர் பால் பூசி ஒட்டியிருப்பார்கள், அந்தப் பூச்சு சில வருஷத்தில் பொடியாக உதிரும். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள். விலை கூடிய முடிச்சுக் கம்பளம் வாங்குகிறவர்கள் குட்வீவ் முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கம்பளத் தறிகளில் குழந்தைகள் உழைப்பதை ஒழிக்க, கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு அது. 

நண்பர்களே, பவானி ஜமக்காளம் என்றதும் பளிச்சென்ற சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் நினைவுக்கு வருவதால், அது கல்யாண மண்டபத்துக்குத்தான் ஆகும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பட்டையின் நிறம் தறியில் பூட்டும் நூலைப் பொறுத்தது. நூலை மாற்றினால் நிறம் மாறும். அடுத்த முறை கூடத்துக்கு விரிப்பு வாங்க நினைக்கும்போது, உங்கள் தரையின் படத்தையும் வேண்டிய அளவையும் எடுத்துக்கொண்டு பவானியின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குப் போங்கள். செங்கல்லும் மணலும் ஒரு நூல் அவுரியும் வேண்டும் என்று கேளுங்கள். கைத்தறிதானா என்பதை உறுதிசெய்துகொண்டு, சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள்.